மதுரையைப் பற்றி இரு நூல்கள்

அண்மையில் இரண்டு நூல்களை அடுத்தடுத்துப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஒன்று, மொராக்கோ நாட்டு டாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டில் பிறந்த இப்னு பதூதாவின் அரபுப் பயண நூல். மற்றொன்று, விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் துணைவியார் கங்காதேவி வடமொழியில் யாத்த ‘மதுரா விஜயம்’. இரண்டும் பதினான்காம் நூற்றாண்டு மதுரையைப் பேசுகின்றன. முன்னவர் மதுரை சுல்தானின் விருந்தினர். பின்னவர் அந்த சுல்தான்களை வென்றவரின் மனைவி.

தில்லிப் பேரரசர் முஹம்மது பின் துக்ளக்கின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ், 1335ஐ ஒட்டித் தனியாட்சி நிறுவினார். நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலாக நிலைத்த ஆட்சி அது. பள்ளிப் பாடத்தில் அதைப்பற்றி நான்கைந்து வரிகள் படித்துவிட்டு வரும் நம் வீட்டுப் பிள்ளைகள், “அவர்கள் கொடியவர்களா வாப்பா?” என்று கேட்கிறார்கள். நம்மில் பலர் அதற்கு விடை சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுகிறோம். அல்லது “எல்லாம் பகைவர்கள் கட்டிய கதை” என்று முடித்துவிடுகிறோம்.

‘மதுரா விஜயம்’ ஒன்று மட்டுமே நம்முன் இருந்தால் அந்த விடை ஓரளவு செல்லுபடியாகும். 1916இல் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட ஏட்டின் வழியே வெளிவந்த அந்நூலில் இடையிடையே பாடல்கள் சிதைந்துள்ளன. கவிநயத்தில் குறைவில்லை. ஆயினும் அது காவியம். கணவரின் வெற்றியைப் பாட வந்தவர் பகைவனுக்காகப் பரிந்து பேசுவார் என்று எவரும் எதிர்பார்க்க மாட்டார்.

இப்னு பதூதாவை அப்படி ஒதுக்கிவிட முடியாது. அவர் தில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாகப் பணியாற்றியவர். மாலத்தீவிலிருந்து இலங்கை சென்று, அங்கிருந்து 1344ஐ ஒட்டி மஅபர் கரைக்கு வரும் வழியில் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். அப்போது ஆண்ட கியாஸுத்தீன் தாமகானீ அவருக்கு உறவினரும்கூட. இருவரும் அஹ்ஸன் ஷாஹின் புதல்வியரை மணந்தவர்கள். உண்ட வீட்டிற்கு இரண்டகம் நினைக்கவேண்டிய காரணம் எதுவும் அவருக்கில்லை. அப்படிப்பட்டவர் எழுதுவதைப் பாருங்கள். காட்டில் பிடிபட்ட ஆண்களைக் கூர்மையாகச் சீவிய கழுமரங்களைத் தாங்களே சுமந்துவரச் செய்து, மறுநாள் பாளையத்தின் நான்கு வாயில்களிலும் அவற்றிலேயே ஏற்றினார்கள். அவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் கொன்றார்கள். மற்றொரு நாள் சுல்தானோடு உணவருந்திக் கொண்டிருக்கையில் ஒருவரும் அவர் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டனர். சுல்தான் சைகை காட்ட, மூவரும் வெட்டப்பட்டனர். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக் கொண்டாராம். வேறெந்த மன்னரும் செய்து தாம் அறியாத இழிசெயல் என்றும், இதற்காகவே அல்லாஹ் அந்த சுல்தானின் முடிவை விரைவாக்கினான் என்றும் அவர் கூறுகிறார்.

போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அந்தச் சட்டத்தைக் கற்ற ஒருவர் அதைக் கொண்டே தம் சகலையை அளந்திருக்கிறார். ஆகவே தாமகானீக்காக வழக்காட நமக்கு எந்தத் தேவையும் இல்லை என்பதே நம் கருத்து. அவர் படையோடு வந்தவர்களும் அல்லர் நம் முன்னோர்; காயலில் நடந்த அரபுக் குதிரை வணிகத்தை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மார்க்கோ போலோ குறித்திருக்கிறார்.

இப்னு பதூதாவிடமும் குறைகள் உண்டு. மஅபரை விட்டுத் திரும்பும் வழியில் கடற்கொள்ளையரிடம் அனைத்தையும் பறிகொடுத்தார். பத்தாண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், 1355இல், இப்னு ஜுஸை என்ற எழுத்தாளர் அவர் சொல்லக் கேட்டு நூலை முடித்தார். எண்களை அப்படியே நம்புவதற்கில்லை. மேலும், இதே சுல்தானைத் தூண்டி மாலத்தீவின்மீது படையெடுக்கச் செய்ய முயன்றவரும் இவரே! அதை அவர் மறைக்காமல் சொல்கிறார் என்பது வேறு.

நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்த செய்தி மற்றொன்று. தாமகானீயை எதிர்த்த ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரின் படையில் இருபதினாயிரம் முஸ்லிம்கள் இருந்தார்களாம். அவர்களைக் குற்றவாளிகள், ஓடிப்போன அடிமைகள் என்று இப்னு பதூதா ஏளனமாகத் தள்ளிவிடுகிறார். இங்கு அவருடைய அரசவைப் பார்வை வெளிப்படுகிறது. எண்ணிக்கையில் பாதியைக் கழித்துவிட்டாலும், அந்தப் போரைச் சமயப் போர் என்று ஒரே சொல்லில் அடக்கும் பாடநூல் வரிகள் நிற்குமா? எண்பது வயதைக் கடந்த வல்லாளர் பிடிபட்டு, பொருளைப் பறிகொடுத்தபின் கொல்லப்பட்டார். வைக்கோல் திணித்த அவருடைய தோல் மதுரை மதிலில் தொங்கியதைத் தாம் கண்டதாகவும் இந்நூல் கூறுகிறது.

மஹ்தி ஹுஸைன் அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1953இல் பரோடாவில் வெளிவந்தது. மஅபர் பகுதி அதில் உண்டு. வீட்டில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட விரும்புவோர் கழுமரத்தில் தொடங்க வேண்டாம். மதுரையில் கொள்ளை நோய் பரவிய பகுதியில் தொடங்கலாம். முன்னாள் அமைச்சர் ஒருவரின் மனைவி எட்டு வயது மகனோடு வந்து வறுமையைச் சொல்கிறார். இப்னு பதூதா பணம் கொடுக்கிறார். இருவரும் நலமாகவே இருக்கிறார்கள். மறுநாள் அந்தத் தாய் மகனுக்குக் கஃபன் துணி கேட்டு அதே வாயிலுக்கு வருகிறார்.