நூலக வரியும் நம் உரிமையும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், ஒரு சிறு தாளைப்பற்றி இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அது வீட்டு வரி ரசீது. எம் பள்ளி மாணவர் சிலரை ஒருநாள் அதனைக் கொண்டுவரச் செய்தோம். வீட்டு வரியோடு ‘நூலக வரி’ என்றும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. அதனை முன்னர்க் கவனித்தவர் ஒருவரும் இலர். நூலகத்திற்குச் சென்றவர் இருவரே.

இவ்வரி வந்த வரலாறு யாது? வெள்ளையர் ஆட்சியில் நூலகங்கள் பல செல்வர் கொடையாலும் உறுப்பினர் சந்தாவாலும் நடந்தன. நம்மவர்க்கோ பொதுச் சாலையும் பொதுக் கிணறுமே மறுக்கப்பட்டிருந்தன. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், சாலை, கிணறு, பொது அலுவலகம் முதலியவை அனைவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொது இடத்தில் நுழையும் உரிமை முதலில் வந்தது. பொதுப் பணத்தில் நூல் பெறும் உரிமை பின்னர் வந்தது.

நூலகம் கொடையை நம்பி நிற்கலாகாது, சட்டத்தின் துணையோடு நிற்கவேண்டும் என்று பல்லாண்டு வாதாடியவர் சீர்காழி தந்த நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன். அவர் முயற்சியால் 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை இந்தியாவில் இத்தகைய முதற் சட்டம் இதுவே. சொத்து வரியிலும் வீட்டு வரியிலும் ரூபாய்க்கு அரை அணா நூலக வரி என்றும், சென்னை நகர் நீங்கலாக ஏனைய இடங்களில் வசூலுக்குக் குறையாத தொகையை அரசும் அளிக்கவேண்டும் என்றும் அது விதித்தது. இன்று அவ்வரி ரூபாய்க்கு 10 பைசா. வீட்டு வரி 300 ரூபாய் எனில் நூலக வரி 30 ரூபாய். உள்ளாட்சி மன்றம் அதனை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

1997இல் தனி மாவட்டமான நம் திருவள்ளூரில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை ஆலைக் கட்டடங்களின் வரியோடும் இது சேர்கின்றது. அவ்வாலைகளில் உழைப்போருள் நம்மவரும் உளர். வாடகை அறையில் தங்கும் தொழிலாளியும் வாடகையின் வழியே இதனைச் செலுத்துகின்றார். ஆகவே கிளை நூலகம் எவரோ இட்ட பிச்சை அன்று. நம் பணமும் சேர்ந்து நடப்பது.

சட்ட நூல்களின் நிலை வேறு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வழக்குத் தொடுப்போர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி சட்ட நூலகங்களுக்குச் செல்கின்றது. பொதுமக்களும் அங்கே படிக்கலாம். நம் மாநிலத்தில் நீதிமன்றக் கட்டணம் அரசின் பொது வருவாயிற் சேர்கின்றது. நீதிமன்ற வளாகத்து நூலகங்கள் பெரும்பாலும் நீதிபதிக்கும் வழக்கறிஞர்க்குமே பயன்படுகின்றன. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையோ, வருமான வரம்பின்றி நமக்கு இலவசச் சட்ட உதவி வழங்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தையோ படிக்க விழையும் இளைஞன் எங்கே செல்வான்? கிளை நூலகத்திற்கே செல்லவேண்டும்.

எனவே இளைஞர்காள், நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். இச்சட்ட நூல்களைத் தமிழில் வாங்கிவைக்குமாறு எழுத்து மூலம் கேளுங்கள். வசூலித்த நூலக வரி முழுமையும் நூலக ஆணைக்குழுவிற்குச் சென்றதா என்று கிராம சபையில் வினவுங்கள். முன்னோர் போராடித் திறந்த கதவின் வெளியே நாம் நின்றுவிடலாகாது.