தாயின் மருந்தும் சேயின் நலமும்

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் முறை மிகப் பழையது. ஆயினும், தாயையும் உயிருடன் காக்கும் முறையாக அது மாறியது அண்மைக் காலத்திலேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இச்சத்திரசிகிச்சைக்கு ஆளான தாய்மாரிற் பலர் குருதிப்பெருக்காலும் கிருமித் தொற்றாலும் மாண்டனர். 1876 இல் இத்தாலியின் பாவியா நகரில் எடுவார்டோ பொரோ என்னும் வைத்தியர், குழந்தையை எடுத்தபின் கருப்பையையும் அகற்றித் தாயைப் பிழைக்கச் செய்தார். அத்தாய் உயிர் பெற்றாள். மீண்டும் கருவுறும் பேற்றை இழந்தாள். 1882 இல் ஜேர்மனியரான மாக்ஸ் சாங்கர் கருப்பையைத் தைத்து மூடும் முறையை வகுத்தபோது அவ்விழப்புக்கும் வழி பிறந்தது. கிருமியின் கொடுமை மட்டும் எஞ்சி நின்றது.

அதனை அடக்கும் மருந்து 1930களிற் கிடைத்தது. இலண்டன் குயின் சார்லட் வைத்தியசாலையில் லெனாட் கோல்புறூக், புரொன்ரோசில் என்னும் மருந்தைப் பிரசவக் காய்ச்சலுக்குக் கொடுத்துக் கண்ட வெற்றியை 1936 இல் வெளியிட்டார். 1940களிற் பெனிசிலின் வழக்குக்கு வந்தது. நோய் கண்டபின் கொடுத்த மருந்து, காலப்போக்கில், நோய் வருமுன்னரே கொடுக்கும் காப்பாயிற்று.

அவ்வாறு கொடுப்பதற்கு உரிய வேளை எது என்னும் வினா பின்னர் எழுந்தது. கத்தி படுமுன் கொடுத்தால் தாய்க்குக் காப்பு மிகும். ஆனால், மருந்து தொப்புட்கொடி வழியே சேயையும் சேரும். பிறந்த குழந்தையின் குடலிற் குடியேறும் நுண்ணுயிர்கள் அதன் நோயெதிர்ப்பாற்றல் செவ்வனே வளரத் துணைபுரிகின்றன. மருந்து அவற்றைக் குலைத்தால் பிற்காலத்தில் தொய்வும் கரப்பனும் தோன்றக்கூடுமென அஞ்சினர். ஆதலால், கொடியை இறுக்கிய பின்னரே மருந்தேற்றுவது பலவிடத்தும் வழக்கமாயிருந்தது.

2011 இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி, கத்தி படுமுன்னரே கொடுக்குமாறு கூறியது. குழந்தையின் குடலுக்குத் தீங்கு நேரலாமென்று கருதிக் கோ-அமொக்சிகிளாவ் என்னும் மருந்தை அது விலக்கிற்று. இம்மாற்றம் ஆய்வாளருக்கு நல்வாய்ப்பாயிற்று. 2006 முதல் 2018 வரை பிரித்தானியாவிற் பிறந்த பல இலட்சம் குழந்தைகளின் பதிவுகளை எடுத்து, மாற்றத்துக்கு முன் பிறந்தோரையும் பின் பிறந்தோரையும் ஒப்பிட்டனர். புதிய வழக்கத்தால் தொய்வோ கரப்பனோ மிகுந்ததற்குச் சான்று இல்லை என்பது 2022 இல் வெளிவந்த முடிவு.

இம்முடிவு இளம் பருவத்து நோய்களைப் பற்றியது. வாழ்நாள் முழுவதற்கும் அதனை நீட்டிவிடலாகாது. எனினும், சேய்க்கு அஞ்சித் தாய்க்குரிய காப்பைத் தாமதப்படுத்த வேண்டியதில்லை என்னும் துணிவை அது வைத்தியருக்கு அளித்தது. தாயா சேயா என்று ஒருகாலத்தில் ஒன்றைத் தெரிய வேண்டியிருந்த மருத்துவம், இருவர் நலத்தையும் ஒருங்கே எண்ணும் நிலைக்கு வந்துள்ளது.