மயில்துத்தமும் நாற்பது ஆண்டுகளும்



மலருக்குக் கட்டுரை கேட்டதும் விடுதிக் கதை ஒன்றை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு எனக்கு முன்னாலேயே பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள் என்பதால், ஒரு நீலக் கறையின் வரலாற்றை எழுதுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் என் பெரியப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. மழைக்காலம் நெருங்கினால் மயில்துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் தொட்டியிலும், சுண்ணாம்பை இன்னொன்றிலும் கரைத்துக் கலப்பார். பிறகு அரிவாளை அதில் முக்கிப் பார்ப்பார். செம்பு நிறம் படிந்தால், "இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடுடா" என்பார். அந்தக் கலவைக்கு அவர் வைத்த பெயர் 'போடா மருந்து'! அது 'போர்டோ கலவை', பிரான்ஸ் தேசத்து ஊரின் பெயர் என்பது, நம் கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்க வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வருஷம் மழை விடவே இல்லை. இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்ததைப் பார்த்த பிறகுதான் பெரியப்பா மருந்து அடித்தார். அந்த மகசூல் போயிற்று. "மருந்து கெட்டுப்போச்சுடா" என்றார். மருந்து கெடவில்லை. நேரம்தான் கடந்துவிட்டது. நோய் வருவதற்கு முன்பு இலைமேல் காவல் நிற்கும் மருந்து அது. உள்ளே புகுந்த எதிரியை அதனால் விரட்ட முடியாது.

யார் அந்த எதிரி?

அடிச்சாம்பல் நோயை உண்டாக்குவது ஒரு நீர்ப்பூசணம். பார்வைக்குப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் இந்த இனம் பூஞ்சை அல்ல. பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின். இவற்றின் சுவரில் செல்லுலோஸ் உண்டு. உறவுமுறை பார்த்தால் கடலில் வளரும் பழுப்புப் பாசிக்குத்தான் நெருக்கம். இவற்றின் வித்துகள் இரண்டு வால்களை ஆட்டி நீந்தக் கூடியவை. நீந்துவதற்கு ஆறு குளம் வேண்டாம், நனைந்த இலையில் ஒரு படலம் தண்ணீர் போதும்!

இந்தக் குடும்பத்தின் கொடூரமான பிள்ளை 1845இல் அயர்லாந்தில் நுழைந்தது. ஏழைகளின் ஒரே உணவான உருளைக்கிழங்கு வயலிலேயே அழுகியது. 1846இல் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் நாசம். சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். மேலும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேறினர். அந்தப் பஞ்சத்திலும் அங்கிருந்து தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டுதான் இருந்தது. பயிரை அழித்தது நோய் என்றால், மக்களை அழித்ததில் ஆட்சிக்கும் பங்கு உண்டு.

இலையில் தெரிந்த பூசணம்தான் நோய்க்குக் காரணம் என்று 1846இல் எழுதினார் பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார். பெரிய அறிஞர்களே ஒப்புக்கொள்ளவில்லை. "மழையில் செடி அழுகியது, அழுகலில் பூசணம் வந்தது" என்றார்கள். 1861இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி சோதனை செய்து நிரூபித்த பிறகுதான் விவாதம் ஓய்ந்தது. பின்னர் அவர் அதற்கு இட்ட பெயர் பைட்டோப்தோரா. 'செடிக்கொல்லி' என்று பொருள்.

என்னை உறுத்துவது இதுதான். மயில்துத்தக் கரைசல் கோதுமையின் கரிப்பூட்டை நோயைத் தடுக்கும் என்று பிரெஞ்சுக்காரர் பிரெவோ 1807லேயே காட்டியிருந்தார். சுண்ணாம்பும் ஊரெல்லாம் கிடைத்தது. ஆக, 1845இல் மருந்துக்கான பொருள் இரண்டும் கையில் இருந்தன. எதிரி இன்னார் என்ற தெளிவுதான் இல்லை!

சாலையோரத்து நீலம்

1870களில் பிரான்ஸ் தேசத்துத் திராட்சையை ஒரு வேர்ப்பூச்சி அழித்தது. அதைத் தாங்கக்கூடிய அமெரிக்கக் கொடிகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றோடு 1878இல் அடிச்சாம்பல் நோயும் வந்து இறங்கியது. 1882இல் போர்டோவுக்கு அருகே மெடாக் பகுதியில் நடந்துபோன பேராசிரியர் மில்லர்டே ஒரு விநோதத்தைக் கண்டார். எங்கும் இலை உதிர்ந்திருக்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன. இலையெல்லாம் நீலக் கறை. விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தார்களாம்! வேதியியலாளர் கேயோனுடன் சேர்ந்து சோதித்து, 1885இல் மில்லர்டே முடிவை வெளியிட்டார். விரைவிலேயே உருளைக்கிழங்குக்கும் அதுவே கவசமாயிற்று. 1845க்கும் 1885க்கும் இடையே நாற்பது ஆண்டுகள்!

தண்ணீருக்குள் என்ன செய்வது?

இதே குடும்பத்தின் இன்னொரு கிளை நீர்வாழ் உயிர்களைத் தாக்குகிறது. சிங்கி இறாலுக்குத் தம்பி போலிருக்கும் கிரேஃபிஷ் என்ற நன்னீர்ப் பிராணி 1859 முதல் இத்தாலியில் கொத்துக் கொத்தாகச் செத்தது. கொல்லி, அஃபனோமைசிஸ் என்ற நீர்ப்பூசணம். இதுவும் வட அமெரிக்கச் சரக்கே. 1907இல் சுவீடனிலும் பரவியது. அழிந்த இனத்துக்கு ஈடாக 1960களில் அமெரிக்க கிரேஃபிஷைக் கொண்டுவந்து அங்குள்ள நீர்நிலைகளில் விட்டார்கள். அதுவோ நோயைத் தாங்கிக்கொண்டே சுமந்து திரியும் இனம். மிச்சமிருந்த உள்நாட்டு இனத்துக்கும் ஆபத்து கூடியது!

அதன் உறவுக்கார இனம் ஒன்று மீன்களுக்குச் செம்புண் நோயைத் தருகிறது. 1971இல் ஜப்பானில் முதலில் கண்ட நோய் 1988இல் இந்தியாவுக்குள் நுழைந்தது. நம் வராலும் கெண்டையும் எளிதில் அதற்குப் பலியாகும்.

இலைக்கு மருந்து தெளிக்கலாம். ஓடும் ஆற்றுக்கு எதைத் தெளிப்பது? குளமென்றால் முன்கூட்டியே சுண்ணாம்பு இடலாம், மற்றபடி நோயைச் சுமந்து போகாமல் இருப்பதுதான் வழி. அதனால்தான் ஐரோப்பாவில் மீன்பிடிப்பவர்களிடம் "வலையையும் பூட்ஸையும் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த ஆற்றில் இறங்குங்கள்" என்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, அந்தச் சாலையில் மில்லர்டேக்கு முன்னாலும் எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். நீலக் கறையை அவர்களும் பார்த்திருப்பார்கள். அவர் நின்று, "இது என்ன, ஏன்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியைக் காலத்தில் கேளுங்கள்.

பெரியப்பா இன்று இல்லை. தோட்டத்தை அண்ணன் பார்க்கிறார். மேகம் திரண்டால் நான் போன் போட்டுவிடுவேன்: "அண்ணே, போடா மருந்து அடிச்சாச்சா?"