காந்தத்துக்கு யார் கரண்ட் கொடுக்கிறார்கள்?

வீட்டு பிளக் பாயிண்டில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அந்த ஆம்பியர் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர். மின்னோட்டத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயரை வைத்தது நமக்குத் தெரியும். காந்தம் என்றால் என்ன என்பதையே அவர் மாற்றிச் சொன்னது அவ்வளவாகத் தெரியாது.

1820 ஏப்ரலில் கோபன்ஹேகனில் ஆயர்ஸ்டெட் ஒரு விரிவுரையின்போது மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். ஜூலையில் லத்தீனில் நான்கே பக்கத்தில் அதை வெளியிட்டார். செப்டம்பர் 11 அன்று பாரிஸ் அறிவியல் அகாதமியில் அரகோ அதைச் செய்து காட்டினார். ஒரே வாரத்தில், 18-ஆம் தேதி, ஆம்பியர் தன் ஆய்வோடு அதே சபையில் எழுந்து நின்றார்.

மின்னோட்டம் கம்பியைக் காந்தமாக்குகிறது என்றே பலரும் நினைத்தார்கள். ஆம்பியர் அதைத் தலைகீழாகத் திருப்பினார்: காந்தம் என்பதே மின்னோட்டம்தான். காந்தமே இல்லாமல் இரண்டு இணைக் கம்பிகளை வைத்துக் காட்டினார். மின்னோட்டம் ஒரே திசையில் பாய்ந்தால் அவை ஈர்த்தன, எதிரெதிராகப் பாய்ந்தால் விலக்கின. கம்பியைச் சுருளாகச் சுற்றினால் அது சட்டக் காந்தம் போலவே நடந்துகொண்டது. ஆகவே சட்டக் காந்தத்தின் அச்சைச் சுற்றியும் மின்னோட்டங்கள் ஓடுகின்றன என்றார்.

இந்த இடத்துக்கு வரும்போது என் வகுப்பில் யாராவது கேட்பார்கள்: "சார், காந்தத்துக்கு யார் சார் கரண்ட் கொடுக்கிறாங்க?"

ஏறக்குறைய இதே கேள்வியை ஆம்பியரிடம் கேட்டவர் அவருடைய நண்பர் ஃபிரெனெல், ஒளி அலையே என்று வாதாடியவர். இரும்பில் மின்னோட்டம் ஓடினால் சூடாக வேண்டுமே, காந்தம் சூடாவதில்லையே என்றார். வழியையும் அவரே காட்டினார்: ஓட்டத்தை ஒவ்வொரு மூலக்கூற்றுக்குள்ளும் வைத்துவிடுங்கள், அங்கே சூடாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆம்பியர் வீம்பு பிடிக்கவில்லை, ஏற்றுக்கொண்டார்.

எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதோ 1897-இல்! 1915-இல் ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் ஓர் இரும்புத் தண்டைக் கம்பிச்சுருளுக்குள் தொங்கவிட்டு, அதன் காந்தத் திசையை மாற்றினார்கள். தண்டு முறுக்கித் திரும்பியது. உள்ளே ஏதோ சுழல்கிறது என்பது உறுதியானது. ஆனால் பின்னர் மற்றவர்கள் கவனமாக அளந்தபோது, சுற்றி ஓடும் மின்னோட்டத்துக்குக் கணக்கிட்டதில் பாதி அளவே திரும்பியது. 1925-இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் முன்வைத்த எலக்ட்ரானின் தற்சுழற்சி அந்த முடிச்சை அவிழ்த்தது. இரும்பின் காந்தத்தன்மை பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது. தற்சுழற்சி என்று பெயர் இருந்தாலும் அது பம்பரம் போன்ற சுழற்சி அல்ல, எலக்ட்ரானின் கூடப்பிறந்த குணம். அதற்கு பேட்டரி வேண்டாம், அது தீர்ந்துபோவதும் இல்லை.

ஆக, ஆம்பியர் சொன்னது முழுச் சரி அல்ல. ஆனால் காந்தத்துக்கென்று தனிப் பொருள் தேவையில்லை, காரணம் மின்னூட்டத் துகளிடமே இருக்கிறது என்ற அவருடைய அடிப்படை நின்றது. அது நின்றதற்கு ஃபிரெனெலின் ஆட்சேபமும் ஒரு காரணம். ஆசிரியர் நண்பர்களே, ஆம்பியர் விதி நடத்தும்போது இவருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆட்சேபம் சொல்கிறவனும் அறிவியல் செய்கிறான் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.