அலமாரிக்குள் போகாத டிரான்ஸ்மிட்டர்

புன்னக்காயல்னு சொன்னதும் வரலாறு படிக்கிறவங்களுக்கு அச்சுதான் ஞாபகம் வரும். தாமிரபரணி கடல்ல கலக்குற அந்த ஊர்ல வாழ்ந்தவர் அண்டிரிக் அடிகளார். 1578ல் கொல்லத்துல அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தமிழில் தந்த புத்தகம். இன்னைக்கு நான் பேசப்போறது வேற ஒரு மெஷினைப் பத்தி. அதை நான் முதல்ல பார்த்ததும் அதே ஊர்லதான்.

அப்போ நான் எட்டாம் வகுப்பு. லீவுக்குப் போயிருந்த இடத்துல, பக்கத்துத் தெருவுல ரேடியோ ரிப்பேர் பார்க்குற ஒரு அண்ணாச்சி இருந்தார். ஒருநாள் என் காதுல ஹெட்போனை மாட்டிவிட்டு, “என்ன கேக்குலே?”ன்னார். திருநெல்வேலி வானொலி நிலையம் கேட்டுச்சு. மேசையில பேட்டரி இல்லை, கரண்ட் ஒயரும் இல்லை. ஒரு அட்டைக் குழாயில சுத்தின காயில், பழைய ரேடியோவுல இருந்து கழட்டின கேங், ஒரு டையோடு, அவ்வளவுதான். செம்புக்கம்பி, மோட்டார் காயில் கட்டுற கடையில மிச்சமானது. ஏரியல் ஒயர் தென்னை மரத்துக்குப் போகுது, எர்த் ஒயர் அடிபம்புக்குப் போகுது.

இதுக்குப் பேரு கிரிஸ்டல் செட். காத்துல வர்ற அலையிலேயே கொஞ்சம் மின்சாரம் இருக்கு. காயிலும் கேங்கும் சேர்ந்து நமக்கு வேணும்கிற ஸ்டேஷனைப் பிரிச்சு எடுக்கும். டையோடு அதுல இருந்து பேச்சை மட்டும் வடிகட்டித் தரும். காதுக்கு வர்ற சத்தம் முழுக்க அந்த ஸ்டேஷன் அனுப்புன சக்திதான். ஆனா இப்போ நாம போன்ல மாட்டுற ஹெட்போன் இதுக்கு ஆகாது. ரொம்பக் குறைஞ்ச மின்சாரத்துலயே பேசுற பழைய ரகம் வேணும்.

“இதுக்கும் ஒரு காலத்துல லைசென்ஸ் வேணும் தெரியுமாலே?”ன்னு கேட்டுட்டு அண்ணாச்சி சிரிச்சார். சும்மா சொல்றார்னுதான் நினைச்சேன். பின்னாடி தேடிப் பார்த்தா, அது உண்மைதான். 1933ல் வந்த இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி ஒரு ரேடியோவை வெச்சிருக்கவே அனுமதி வேணும். கடையில வாங்கினதா, கையால செஞ்சதாங்கிற பாகுபாடு கிடையாது. போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டணும். 1980களின் நடுவுலதான் அந்த வழக்கம் முழுசா ஒழிஞ்சுது.

இதுல ஒரு முரண் இருக்கு. வீட்டுல செஞ்ச செட்டைக்கூட அரசாங்கம் கணக்குல வெச்சிருந்துச்சு. ஆனா இந்தியாவுல வானொலியை முதல்ல பேச வெச்சது அரசாங்கம் இல்லை, பொழுதுபோக்கா இதுல இறங்கின ஆர்வலர்கள். 1923ல் பம்பாயிலயும் கல்கத்தாவுலயும் ரேடியோ கிளப்புகள்தான் ஒலிபரப்பை ஆரம்பிச்சாங்க. சென்னையில அந்த ஆள், சி.வி. கிருஷ்ணசாமி செட்டி.

இங்கிலாந்து போய்ட்டுத் திரும்பினவர், உதிரிபாகங்களைக் கொண்டுவந்து தானே ஒரு டிரான்ஸ்மிட்டரைப் பூட்டினார். அதோட சக்தி 40 வாட்ஸ். பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியுற அளவு! 1924 மே 16ஆம் தேதி மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் பிறந்தது. ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. பிறகு 200 வாட்ஸ் டிரான்ஸ்மிட்டர் வந்தது.

இங்கே புன்னக்காயலுக்கு நேர் எதிர்க்கரையையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துருவோம். கொழும்புல தந்தி அலுவலகத்துல வேலை பார்த்த எட்வர்ட் ஹார்ப்பர்ங்கிற இன்ஜினியர் 1923லேயே சோதனை ஒலிபரப்பு செஞ்சார். பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலோட ரேடியோ பாகங்களை வெச்சு டிரான்ஸ்மிட்டர் செஞ்சாங்கன்னு சொல்வாங்க. 1925 டிசம்பர் 16ஆம் தேதி அங்கே முறையான சேவை ஆரம்பிச்சுது. ஹார்ப்பருக்கு ஒரு வசதி இருந்தது: பின்னாடி ஒரு அரசுத் துறை நின்னது. செலவை அது பார்த்துக்கிட்டது.

செட்டிக்கு அந்த வசதி இல்லை. கிளப் ஓடினது சந்தாவுலயும் நன்கொடையிலயும். ஒலிபரப்புல ஒரு சிக்கல் உண்டு. காசு கொடுத்தவனுக்கும் கேக்கும், கொடுக்காதவனுக்கும் கேக்கும். மூணே வருஷத்துல கை காய்ஞ்சுபோச்சு. 1927ல் கிளப் மூடிட்டாங்க. அதே வருஷம் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி வந்தது. ஆனா பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும்தான் நிலையம் போட்டாங்க. சென்னை மௌனமாச்சு.

நம்மகிட்ட இருக்குற பாதி செஞ்ச புராஜெக்ட்டெல்லாம் இப்போ எங்கே இருக்கு? அலமாரியில, ஒரு ஷூ டப்பாவுல. என்னோடதும் அங்கேதான் இருக்கு. கிளப்காரங்களும் அந்த டிரான்ஸ்மிட்டரைத் துணி போட்டு மூடி ஓரமா வெச்சிருக்கலாம், பாகம் பாகமா வித்தும் இருக்கலாம். அதைச் செய்யாம, சென்னை மாநகராட்சிகிட்ட ஒப்படைச்சாங்க.

மாநகராட்சி 1930 ஏப்ரல் 1ஆம் தேதி தினசரி ஒலிபரப்பை ஆரம்பிச்சது. மெரினாவுல ஒலிபெருக்கி வெச்சாங்க. காத்து வாங்க வந்தவங்க லைசென்ஸும் இல்லாம, ரேடியோவும் இல்லாம, சும்மா மணல்ல உக்காந்து பாட்டுக் கேட்டாங்க. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைங்களுக்கும் நிகழ்ச்சி போச்சு. யோசிச்சுப் பாருங்க, ரோடு போடுற, குப்பை அள்ளுற ஒரு மாநகராட்சி எட்டு வருஷம் வானொலி நடத்தியிருக்கு. 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய வானொலியோட சென்னை நிலையம் திறந்த பிறகுதான் அந்த வேலை அவங்க கையை விட்டுப் போச்சு.

பொழுதுபோக்குக்காகச் செஞ்ச ஒண்ணு எப்போ வரலாறாகுதுன்னு கேட்டா, நான் 1924ஐச் சொல்ல மாட்டேன். கிளப் தோத்துப்போன அந்த 1927ஐத்தான் சொல்வேன். செஞ்சவங்க கையில இருந்து அது ஊர்க்காரங்க கைக்குப் போனது அப்போதான்.

புன்னக்காயல்ல இது எவ்வளவு பெரிய விஷயம்னு அப்புறம்தான் புரிஞ்சுது. மீடியம் வேவ் அலை உப்புத் தண்ணி மேல தரையைவிட ரொம்ப தூரம் போகும். அதனாலதான் எங்க கரையோர ஊர்கள்ல இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கேட்டுச்சு. கடலுக்குப் போறவங்களுக்கு மட்டும் பாட்டு போதாது. மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கை காதுல விழுந்தா வள்ளம் கரையில நிக்கும், விழலேன்னா கடலுக்குப் போயிடும். அந்த எச்சரிக்கையை ஒரு செட் எடுக்குதா இல்லையாங்கிறதுல உயிர் இருந்துச்சு. அண்ணாச்சி மேசையில ரிப்பேருக்கு வந்த டிரான்சிஸ்டர்ல பாதி கடல்ல நனைஞ்சு உப்பு பூத்தது. அதையெல்லாம் முதல்ல முடிச்சுட்டுத்தான் மத்த செட்டைத் தொடுவார்.

லீவு முடிஞ்சு கிளம்புறப்போ அந்தக் காயிலையும் டையோடையும் ஒரு காகிதத்துல மடிச்சு என் கையில கொடுத்தார். “கேங் மட்டும் நீ தேடிக்கலே”ன்னார்.

அது ரொம்ப நாள் என் ஷூ டப்பாவுக்குள்ளதான் இருந்துச்சு. இந்த எபிசோடுக்காக வெளியே எடுத்து ஈயம் வெச்சேன். அடுத்த வாரம் எங்க அபார்ட்மென்ட்ல மூணாவது மாடிப் பொண்ணு ஒருத்தி அதைப் பார்க்க வர்றா. கேங் மட்டும் அவளே தேடிக்கணும்.