சேராதவர் பேரேடு: சமூக ஊடகங்களும் விலகி நிற்போர் உரிமையும்

1. பிரச்சினை

ஒரு சங்கத்தில் சேர்வதும் சேராதிருப்பதும் அவரவர் இஷ்டம் என்பதும், சேராதவரின் நடமாட்டத்தைக் கணக்கெடுக்க அந்தச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்பதும், சுதந்திர சமுதாயம் எதுவும் விவாதமின்றி ஒப்புக்கொள்ளும் நியாயங்களாகும். சமூக ஊடகங்களின் மேல் குறை கூறப்படும்போதெல்லாம் இந்த நியாயமே அவற்றுக்குக் கேடயமாகவும் பிடிக்கப்படுகிறது. பிடிக்காதவர் கணக்குத் தொடங்க வேண்டாம், தொடங்கியவர் மூடிவிட்டுப் போகலாம், யாரையும் யாரும் நிர்ப்பந்திக்கவில்லை என்று சொல்லி விவகாரத்தை அத்தோடு முடித்துவிடுகிறார்கள். கணக்குத் தொடங்காதிருப்பது ஒருவரை அந்த ஸ்தாபனத்தின் எல்லைக்கு வெளியே உண்மையாகவே நிறுத்துமானால் இந்தச் சமாதானம் செல்லும், நிறுத்தாவிட்டால் செல்லாது.

பேஸ்புக் நிறுவனத்தைப் பற்றி 2010 முதல் ஐரோப்பாவில், சிறப்பாகப் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும், நடந்த ஆராய்ச்சிகளையும் வழக்குகளையும் ஆதாரமாகக் கொண்டு, அது செல்லாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. விலகி நிற்பவரைச் சமூக ஊடகத்தின் பார்வைக்குள் இழுத்து வருபவர் இடையில் நிற்கும் ஒரு மூன்றாம் மனிதர்: ஓரிடத்தில் அவர் இணையதள உரிமையாளர், ஓரிடத்தில் நண்பர் அல்லது உறவினர், ஓரிடத்தில் பள்ளிக்கூடம் அல்லது அரசு அலுவலகம். ஆகவே விலகியவரின் சம்மதத்தைக் கேட்பதனாலோ அவரை எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதனாலோ இக்குறை தீராது; அழைத்து வருபவரின் கடமையை வரையறுப்பதனாலேயே தீரும் என்பது நம் கட்சி.

2. பொத்தான் செய்யும் வேலை

பேஸ்புக்கின் லைக் பொத்தான் 2010 ஏப்ரல் 21ஆம் நாள் பிற இணையதளங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. செய்தித்தாள், துணிக்கடை, பல்கலைக்கழகம் என எந்தத் தளமாயினும், அதன் உரிமையாளர் சில வரி நிரலைத் தம் பக்கத்தில் சேர்த்துக்கொண்டால் போதும். ஓரத்தில் கட்டைவிரல் சின்னம் தோன்றிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது அந்தப் பக்கத்தின் ஓர் அங்கம். உண்மையிலோ அந்தச் சிறு கட்டம் பேஸ்புக்கின் கணினியிலிருந்து நேரே வருவது. வாசகர் செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில், அவருடைய பிரவுசர் அக்கட்டத்தைத் தரும்படி பேஸ்புக்குக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புகிறது. அவ்விண்ணப்பத்தில் அவருடைய ஐ.பி. முகவரி இருக்கிறது, அவர் படிப்பது எந்தப் பக்கம் என்பது இருக்கிறது, முன்பு எப்போதேனும் பேஸ்புக் அவர் கணினியில் குக்கி என்னும் அடையாளத் துணுக்கை வைத்திருந்தால் அதுவும் உடன் செல்கிறது. பொத்தானை அழுத்தினாரா என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. பக்கத்தின் அடி வரை சென்று அதைக் கண்ணால் காணாதவரின் செய்தியும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உறுப்பினர் அல்லாதவரும் இவ்வாறு பின்தொடரப்படுவதை, நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்டு ரோசண்டால் அந்த ஆண்டின் இறுதியிலேயே எடுத்துக் காட்டினார்.

ஒரு தளத்தோடு நின்றிருந்தால் இது பெரிதல்ல. கடைத்தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரே முதலாளியின் குமாஸ்தா உட்கார்ந்து, உள்ளே நுழைகிறவரையெல்லாம் ஒரே பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தால், எந்தக் கடைக்காரருக்கும் தெரியாத ஒரு முழுக் கதை அந்தப் பேரேட்டுக்கு மட்டும் தெரியும் அல்லவா? அதன் விஸ்தாரத்தை நிறுவனமே கூறியிருக்கிறது. பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழுவொன்றுக்கு அது 2018இல் தந்த விடையின்படி, அவ்வாண்டு ஏப்ரல் 9 முதல் 16 வரையிலான ஒரே வாரத்தில் லைக் பொத்தான் 84 லட்சம் தளங்களிலும், ஷேர் பொத்தான் 9,31,000 தளங்களிலும் தோன்றின. கண்ணுக்குத் தெரியாத பிக்சல் என்னும் கருவி 22 லட்சம் எண்ணிக்கையில் பதிக்கப்பட்டிருந்தது. பிற தளங்களில் உள்ள லைக் பொத்தானைக் கைவிடப்போவதாக 2025 நவம்பரில் அந்நிறுவனம் அறிவித்ததைக் கண்டு சிலர் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பிக்சல் கைவிடப்படவில்லை. கண்ணால் கண்டு கேள்வி கேட்பதற்கு ஏதுவாயிருந்த சின்னம் போய், காணவியலாத கருவி மட்டும் எஞ்சுவது விலகி நிற்பவருக்கு லாபம் ஆகாது.

3. பெல்ஜிய வழக்கு

பெல்ஜியத்தின் தனியுரிமைக் கமிஷன் கேட்டுக்கொண்டதன்பேரில் லூவன், பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015இல் அளித்த அறிக்கை இத்துறையில் முக்கியமான பிரமாணம். பேஸ்புக் தளத்தில் பொதுவாகத் திறந்துள்ள ஒரு பக்கத்தை, ஒரு கடையின் பக்கத்தையோ ஒரு விழாவின் அறிவிப்பையோ, கணக்கில்லாத ஒருவர் ஒருமுறை பார்த்தால்கூட இரண்டு ஆண்டு ஆயுளுடைய குக்கி ஒன்று அவர் கணினியில் வைக்கப்படுவதையும், பிறகு அவர் பொத்தானுள்ள எந்தத் தளத்துக்குச் சென்றாலும் அது பேஸ்புக்குக்குத் திரும்பிச் செல்வதையும் அவர்கள் கண்டனர். இதனினும் விசித்திரமானது வேறொன்று. தம்மைப் பின்தொடர வேண்டாம் என்று விளம்பரதாரர்க்குத் தெரிவிப்பதற்காக ஐரோப்பியர்க்கென அமைந்த தளத்துக்கு ஒருவர் சென்றால், அதுவரை குக்கி இல்லாதவர்க்கும் அங்கேயே அது வைக்கப்பட்டது. அறிக்கையில் தவறுகள் உள்ளன என்றும், உறுப்பினரல்லாதார்க்குச் சில இடங்களில் குக்கி சென்றது நிரல் பிழையால் என்றும் நிறுவனம் பதில் கூறியது.

2015 நவம்பர் 9ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றம், உறுப்பினரல்லாதாரைப் பின்தொடர்வதை 48 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 2,50,000 யூரோ அபராதம் என்று உத்தரவிட்டது. நிறுவனம் கீழ்ப்படிந்த விதம் சிந்தனைக்குரியது: பெல்ஜியத்தில் கணக்கில்லாதவர் பேஸ்புக் பக்கங்களைப் பார்க்கவே முடியாதபடி கதவைச் சாத்திவிட்டது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அயல்நாட்டு நிறுவனத்தின் மேல் பெல்ஜிய நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லையென்று அவ்வுத்தரவைத் தள்ளியது. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றம், அபராதத்துக்கு 10 கோடி யூரோ உச்சவரம்பு வைத்து, பின்தொடர்தல் சட்டவிரோதமே என்று மீண்டும் தீர்த்தது. அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்று 2021 ஜூன் 15ஆம் நாள் விடை பெற்றது.

இத்தனை ஆண்டுகளில் விவாதத்தின் பெரும்பகுதி எந்த நாட்டு நீதிமன்றம் எந்த நிறுவனத்தை விசாரிக்கலாம் என்பதிலேயே கழிந்தது. கணக்குள்ளவர்க்கு ஓர் ஒப்பந்தம் உண்டு, திருத்திக்கொள்ள ஓர் அமைப்புப் பக்கம் உண்டு, கணக்கை அழித்துவிட ஒரு வழி உண்டு. கணக்கில்லாதவர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. தம்மைப் பற்றிய பதிவை நீக்கச் சொல்ல வேண்டுமாயின், அப்பதிவு தம்முடையதே என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதாவது, மறக்கப்பட விரும்புகிறவர் தம்மை முதலில் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். சம்மதத்தின்மேல் கட்டப்பட்ட சட்டம் இங்கே முட்டி நின்றுவிடுகிறது.

வழி திறந்தது வேறொரு வழக்கில். ஜெர்மனியில் ஃபேஷன் ஐடி என்னும் துணி விற்கும் தளம் லைக் பொத்தானை வைத்திருந்ததற்காக நுகர்வோர் சங்கமொன்று வழக்குத் தொடுத்தது. 2019 ஜூலை 29ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் கூறிய தீர்ப்பின் சாரம் இது: பொத்தானைப் பதித்தவர், வந்தவரின் செய்தியைத் திரட்டுவதற்கும் பேஸ்புக்குக்கு அனுப்புவதற்கும் பேஸ்புக்கோடு சேர்ந்து தாமும் பொறுப்பாளி, அதன் பிறகு பேஸ்புக் செய்வதற்கு மட்டும் அவர் பொறுப்பல்லர். வந்தவருக்குக் கணக்கு உண்டா, பொத்தானை அழுத்தினாரா என்பவை பொறுப்பை மாற்றா. தம் சரக்குக்கு விளம்பரம் கிடைக்கும் என்ற லாபத்துக்காகவே கடைக்காரர் குமாஸ்தாவை வாசலில் உட்கார இடங்கொடுத்தார். இடங்கொடுத்தவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. நம் சித்தாந்தத்துக்கு இத்தீர்ப்பைவிட நெருங்கிய சான்று வேறில்லை.

4. அறிமுகமானவர் வழியாக

இணையத்தையே தொடாத ஒருவரும் பேரேட்டில் ஏறிவிடக்கூடிய வழி ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துவோர் தம் போனிலுள்ள தொடர்பு எண்களைக் காண அதற்கு அனுமதி தரும்போது, அந்தப் பட்டியலில் பால்காரர், மருத்துவர், ஒன்றுவிட்ட சித்தப்பா எல்லாரும் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் அனுமதி தந்தவரல்லர். வாட்ஸ்அப் உறுப்பினரல்லாதாரின் எண்களையும் வைத்துக்கொண்டதைக் கனடா, நெதர்லாந்து நாடுகளின் தனியுரிமை அதிகாரிகள் 2013 ஜனவரியில் சேர்ந்து குறை கூறினர். அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்புக் கமிஷன் 2021 செப்டம்பரில் அந்நிறுவனத்துக்கு 22.5 கோடி யூரோ அபராதம் விதித்தபோது, உறுப்பினரல்லாதார்க்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்பதும் காரணங்களுள் ஒன்றாயிருந்தது. பேஸ்புக்கோ, 2013 ஜூனில் சுமார் 60 லட்சம் உறுப்பினரின் தொலைபேசி எண்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பிறர்க்குத் தவறுதலாகத் தெரிந்துவிட்டன என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவர்கள் தாமாகத் தராத, பிறர் ஏற்றிவிட்ட விவரங்கள் அவர்கள் பெயரோடு பொருத்தி வைக்கப்பட்டிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. 2018 ஏப்ரல் 11ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் மார்க் ஸக்கர்பெர்க், பேஸ்புக்கில் சேராதவர் பற்றிய விவரங்களும் பாதுகாப்பு நோக்கத்துக்காகச் சேகரிக்கப்படுவதுண்டு என்று கூறினார்.

எண்ணும் முகவரியும் போகட்டும், அனுமானத்தின் வலிமை இவற்றினும் பெரிது. வெர்மாண்ட், அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, ஒருவர் என்ன எழுதுவார் என்பதை முன்கூட்டிச் சொல்லக் கிடைக்கக்கூடிய திறத்தில் 95 விழுக்காடு வரை, அவரை விட்டு அவருடைய எட்டு ஒன்பது நண்பர்களின் எழுத்திலிருந்தே பெறலாம். ஒருவரது அந்தரங்கம் அவர் கையில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி அரிது.

சட்டத்தின் ஓட்டையும் இங்கேதான். ஐரோப்பிய விதியும், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒரு தனிமனிதர் தம் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் விவரங்களைத் தம் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகின்றன. பெட்டிக்குள் கிடந்த முகவரிப் புத்தகத்தைப் பொறுத்தவரை அது நியாயமே. அப்புத்தகம் ஒரு வியாபார ஸ்தாபனத்தின் வாயிலில் ஒப்படைக்கப்படும்போது அதை இன்னும் வீட்டு விவகாரம் என்று கருதுவதற்கில்லை. தனிமனிதர்மேல் குற்றஞ்சாட்டுவது அவசியமில்லை. உறுப்பினரல்லாதார் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தவுடன் அழித்துவிட வேண்டும் என்னும் கடமையைப் பெற்றுக்கொள்ளும் ஸ்தாபனத்தின்மேல் சுமத்துவதே போதும்.

5. சாத்திய கதவு

பின்தொடர்தல் ஒரு கொடுமையென்றால், ஒதுக்கப்படுதல் இன்னொன்று. பெல்ஜியத்தில் 2015இல் சாத்தப்பட்ட கதவைப் போலவே, 2023 ஜூன் இறுதியில் ட்விட்டரும் கணக்கில் நுழையாதவர்க்குப் பதிவுகளைக் காட்ட மறுத்தது. தனிப் பதிவுகள் சில நாட்களில் மீண்டும் திறக்கப்பட்டன என்றாலும், பொது அறிவிப்புகளைத் தனியார் வாயிலில் வைப்பதன் அபாயம் அன்று பலர்க்கும் விளங்கியது. தமிழ்நாட்டில் பல பள்ளிக்கூடங்களில் வீட்டுப்பாடமும் மழை விடுமுறையும் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. அக்குழுவில் சேராத தகப்பனார் பிள்ளையை நனைய நனைய அழைத்துக்கொண்டு போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புவார். அதற்குப் பள்ளி சொல்லும் பதில், 'குரூப்ல போட்டோமே, சார், பார்க்கலையா?' என்பதாக இருக்கும். சேருவது அவரவர் இஷ்டம் என்ற நியாயம் அந்தக் கேட்டின் முன் பொருளற்றுப் போகிறது.

6. ஆட்சேபங்கள்

முதலாவது ஆட்சேபம், பாதுகாப்புக் காரணம். வருகிறவர் மனிதரா, போலி இயந்திரமா என்று அறிய அந்தக் குக்கி வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். தன் வாசலுக்கு வருகிறவரைச் சோதிக்க அது நியாயமாகலாம். பிறர் வாசலில் நிற்பவரை இரண்டு ஆண்டுக் காலம் அடையாளம் வைத்திருப்பதற்கு அது நியாயம் ஆகாது.

இரண்டாவது, வேண்டாதவர் தடுப்பு நிரல்களைப் போட்டுக்கொள்ளலாமே என்பது. சஃபாரி 2020இலும் ஃபயர்பாக்ஸ் 2022இலும் இத்தகைய குக்கிகளின் வேலையைப் பெரிதும் ஒடுக்கியது உண்மை. உடனே, தளத்தின் கணினியே வந்தவர் விவரத்தைப் பேஸ்புக்கின் கணினிக்கு நேரே அனுப்பும் முறை வளர்ந்தது. வாசகரின் பிரவுசரில் எதைத் தடுத்தாலும் அதற்குத் தடையில்லை. அனுப்புகிறவர் தளத்தார் என்பதால், தடுக்கக்கூடியவரும் அவரே.

மூன்றாவது, இலவச இணையம் விளம்பரத்தால் வாழ்கிறது, இவையின்றி வியாபாரம் நடவாது என்பது. ஜெர்மனியின் ஹைஸெ பதிப்பகம் 2011லேயே இதற்கு விடை காட்டிவிட்டது. அதன் பக்கங்களில் பொத்தானின் சாம்பல் நிறப் படம் மட்டும் இருக்கும்; வாசகர் முதல்முறை அழுத்திய பிறகே உண்மைப் பொத்தான் பேஸ்புக்கிலிருந்து வரும். விரும்பியவர்க்குப் பொத்தான், விரும்பாதவர்க்கு மௌனம் என்னும் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பொருட்செலவும் தேவைப்படவில்லை. ஆகவே இன்று நிலவும் ஏற்பாடு தொழில்நுட்பம் விதித்த விதியென்பதற்கில்லை; வசதி கருதிச் செய்யப்பட்ட தேர்வே அது.

7. முடிவு

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமையை ஒவ்வொருவரும் தாமே காவல் நின்று காக்க வேண்டிய சொத்தாகக் கருதினால், சமூக ஊடகத்திலிருந்து விலகுகிறவர் வாழ்நாள் முழுவதும் காவல்காரராகவே கழிக்க நேரும். அப்போதும் நண்பரின் போன் வழியாகத் தோற்பார். இதுவரை கண்டவற்றால் மூன்று கடமைகள் பெறப்படுகின்றன. இணையதளத்தார், வாசகர் கேட்கும் வரை பிற ஸ்தாபனத்தின் கருவியைத் தம் பக்கத்தில் இயக்கலாகாது. தொடர்பு எண்களைப் பெறும் ஸ்தாபனம், உறுப்பினரல்லாதாரின் எண்ணை வைத்துக்கொள்ளலாகாது. பள்ளியும் பஞ்சாயத்தும் அரசு அலுவலகமும், தனியார் ஊடகத்தில் இடும் எந்த அறிவிப்பையும் கணக்கின்றிப் படிக்கக்கூடிய ஓரிடத்திலும் இட வேண்டும். இம்மூன்றில் எதுவும் சமூக ஊடகத்தில் மகிழ்ந்திருப்பவரின் வசதியைக் குறைப்பதன்று. விலகியவரிடம் இவை எதிர்பார்ப்பதும் ஒன்றுமில்லை. சேராதிருப்பவர் சேராதிருப்பதற்காக ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை என்னும் நிலை சட்டத்தால் உண்டாகும் வரை, 'யாரையும் நிர்ப்பந்திக்கவில்லை' என்று கூறும் தகுதி இந்த ஸ்தாபனங்களுக்கு இல்லை.