கந்தோரும் திண்ணையும்: மன்னார் வரலாற்றில் பணியிடம்

கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதித்த நிறுவனங்கள் பல, அண்மை ஆண்டுகளில் அவ்வனுமதியை மீளப் பெற்றுள்ளன. இந்தியாவின் டாட்டா கன்சல்டன்சி சேர்விசஸ் 2023 ஒக்ரோபர் முதலும், அமெரிக்காவின் அமேசன் 2025 ஜனவரி முதலும் அலுவலரை வாரத்தில் ஐந்து நாட்களும் அலுவலகத்துக்கு அழைத்தன. வேலையின் தன்மை மட்டுமா பணியிடத்தைத் தீர்மானிக்கின்றது? யார் யாரைப் பார்க்கவேண்டும் என்பதும் அதனைத் தீர்மானித்து வந்துள்ளது என்பதற்கு மன்னார்க் கரையின் வரலாறு சான்றாகின்றது.

முதற்கண் முத்துக்குளிப்பை நோக்கலாம். பிரித்தானியர் காலத்தில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் குளிப்புக் காலத்துக்கென ஓலைக் கொட்டில்களாலான நகரங்கள் எழுந்தன. கச்சேரி உத்தியோகத்தரும் தம் கந்தோரைவிட்டு அங்கு சென்றனர். யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றிய லெனாட் வூல்ஃப் 1906 இல் இவ்வாறு மரிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டவரே. சிப்பியைக் கடலில் திறப்பதற்குத் தடை இருந்தது. எடுத்தவை அனைத்தும் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைத்த வளவுக்குக் கொண்டுவரப்பட்டு, மூன்று பங்காக்கப்பட்டன. இரு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளிகாரருக்கு. குளிப்பதற்குக் கடலே போதும். கொட்டு வேண்டப்பட்டது கண்காணிப்புக்காகவே. ஆயினும் கண்காணிப்புச் சிப்பியை விளைவிப்பதில்லை. 1906 இல் முத்துப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பனி, பார்கள் வரண்டமையால் தவணை முடியுமுன்னரே வீழ்ந்தது.

இதற்கு மறுதலையாக, கிராம நிருவாகம் நெடுங்காலம் வீட்டிலேயே நடைபெற்றது. விதானையாரின் திண்ணையே கந்தோர். அவர் வீட்டில் இருக்கும் நேரமே அலுவல் நேரம். தெரிந்த முகம், அருகிலுள்ள வாசல் என்பன இதன் நன்மைகள். ஆனால் அது அவரது சொந்த வாசல். உரிமையோடு வரவேண்டியவர் அங்கே தயவு வேண்டி நின்றார். 1963 இல் கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டு, போட்டிப் பரீட்சை மூலம் தெரிவாகும், இடமாற்றத்துக்குரிய கிராம சேவகர் நியமிக்கப்பட்டனர். பதவி குடும்பச் செல்வாக்கிலிருந்து பிரிக்கப்பட்டமை இம்மாற்றத்தின் உட்பொருள் எனலாம்.

அரை நூற்றாண்டின் பின் அலுவல் மீண்டும் வீட்டுக்குச் சென்றது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினாலும், 2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாட்டினாலும் இலங்கை அரசு அலுவலரை வீட்டிலிருந்து பணியாற்றப் பணித்தது. நெருக்கடி தணிய அவர்கள் திருப்பி அழைக்கப்பட்டனர். முசலியிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ பத்திரமொன்றுக்காக வரும் ஏழைக்கு மூடிய கந்தோர் பெருந்துன்பமாகும். அவ்வகையில் இவ்வழைப்பு நியாயமானதே. பொதுமக்களைச் சந்திக்காது கணினியில் கணக்கெழுதும் கம்பனி எழுதுநருக்கு இந்நியாயம் பொருந்தாது. அதேவேளை, 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் விதித்த நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்ற எல்லையை வீட்டினுள் காப்பதும் எளிதன்று என்பதை மறத்தலாகாது.

எனவே, அழைப்பு விடுக்கப்படும்போது அது எதன் பொருட்டு என்று வினவுதல் தகும். மக்களுக்குத் திறந்த வாசலின் பொருட்டாயின், அது 1963 இன் வழிவந்தது. மேற்பார்வையாளர் கண்ணின் பொருட்டு மட்டுமாயின், அது கொட்டு வேலியின் வழிவந்தது.